நம்பித்தான் பேசுகிறார்கள்

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்களைத் துவைத்துப் பிழிந்து காயப்போட்ட எதிரணிச் சகோதரி அவர்களே! என் அணித் தோழர்களே! செவ்வாய்க்கிழமைச் சந்தைக் கூட்டம் மாதிரி மண்டபத்துக்கு வெளியிலும் நிற்கிற பொள்ளாச்சிப் பெருமக்களே!

ஒலிபெருக்கிக்கு முன்னால் அரசியல் பேசுகிறவர்கள் பேசுவது நெஞ்சாரவா, நடிப்பாகவா? இதுதான் தலைப்பு. நெஞ்சார என்பது எங்கள் அணி. ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அணியை நான் கேட்டு வாங்கவில்லை. போன வாரம் நடுவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, நீங்க நெஞ்சாரங்க" என்றார். நான் "சரிங்க" என்றேன். ஆக, எல்லாரும் நெஞ்சாரப் பேசுகிறார்கள் என்று நெஞ்சாரப் பேசும்படி எனக்கு உத்தரவு! (சிரிப்பு)

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போகிறாள். சமயவாதிகளை ஒவ்வொருவராகப் பார்த்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அந்த வஞ்சி நம்ம கரூரா, மலைக்கு அந்தப் பக்கம் கொடுங்கோளூரா என்று புலவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அது வேறு பட்டிமன்றம். அங்கே ஒவ்வொருவரும் தன் கொள்கையைத்தான் சொன்னார்கள். "இன்றைக்கு நீங்க ஆசீவகம், நீங்க சாங்கியம்" என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரித்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம்தான் வந்தது. ஆகையால் இந்தத் தலைப்பில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அமெரிக்க வானொலிக்காரன் மட்டுமில்லை. இந்த மேடையில் இருக்கிற ஏழு பேரும் நிற்கிறோம்.

சகோதரி கேட்டார்கள்: "காசுக்குப் பேசுகிறவன் எப்படி ஐயா நம்புவான்?"

அம்மா, நீங்கள் கோயம்புத்தூர். நம்ம மாட்டுச் சந்தைக்கு ஒருநாள் வாங்க. தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். இந்தப் பக்கம் விற்கிறவர், அந்தப் பக்கம் வாங்குகிறவர், நடுவில் இவர். மாடு இருக்கிற இருப்பைவிட அவர் வாயில் இருக்கிற மாடு நல்லா இருக்கும். எங்கள் ஊரில் அப்படி ஒரு தரகர் இருந்தார். ஒரு காரி மாட்டைக் காலையிலிருந்து வர்றவன் போறவனிடமெல்லாம் புகழ்ந்தார். சுழி பாருங்க, மடி பாருங்க, நடை பாருங்க. ஒருத்தரும் வாங்கவில்லை. சாயங்காலம் சந்தை கலையும்போது அந்த மாட்டை யார் பிடித்துக்கொண்டு போனது தெரியுமா? தரகரேதான்! (சிரிப்பு, கைதட்டல்) அவர் சம்சாரம் வாசலில் நின்று, "ஏனுங்க, இந்தக் கிழட்டு மாட்டை எதுக்குங்க புடிச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "அடி போடி, காலையில இருந்து இதைப் பத்தி எவ்வளவு நல்லாக் கேட்டிருக்கேன்" என்றாராம். கேட்டது யார் சொல்லி? அவரே சொல்லி! காதும் அவருடையது, வாயும் அவருடையது.

இந்த மாட்டைக் கொஞ்சம் கட்டி வையுங்கள். மறுபடியும் வருவேன்.

நான் பள்ளிக்கூடம் போன நாளில் காலை ஏழேகால் மணிக்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி என்று அந்தக் கம்பீரமான குரல் கேட்டால்தான் எங்கள் வீட்டில் அடுத்த வேலை நடக்கும். அந்த அம்மையார் தாம் வாசித்ததை நம்பினாரா என்று யாராவது கேட்டோமா? இல்லை. ஏன்? அது அவருடைய கருத்து என்று அவர் சொல்லவே இல்லை. வாசிப்பது வேறு, வாதாடுவது வேறு. நம்ம நாட்டில் தனியார் பண்பலை வானொலிகள் சொந்தமாகச் செய்தி போடவோ, நாட்டு நடப்பைப் பேசவோ அனுமதி கிடையாது. பாட்டுப் போடலாம், பேட்டி எடுக்கலாம், "சாப்பிட்டாச்சா பொள்ளாச்சி?" என்று கேட்கலாம். அவ்வளவுதான். நம்ம ஆட்கள் அரசியல் பேசுவதெல்லாம் தெருமுனையிலும் தொலைக்காட்சியிலும். 1999இல் ஜெயா டி.வி., 2007இல் கலைஞர் டி.வி. என்று கட்சிக்கு ஒரு திரை வந்தது. ஒரே நாள், ஒரே கூட்டம். ஒரு திரையில் கடல் அலை, இன்னொரு திரையில் காலி நாற்காலி! ஆனால் பெட்டியைத் திறந்தவுடனே இது யார் வீட்டுக் கடை என்று நமக்குத் தெரிகிறது. தரகர் தோளில் துண்டு தெரிகிறது.

அமெரிக்காவில் கதை வேறு. சகோதரி அங்கே போய்த்தானே எங்களை அடித்தார்கள்? நானும் விசா இல்லாமல் ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

அங்கே 1949இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வானலையில் சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினையைப் பேசினால், மறுதரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதாவது, பட்டிமன்ற விதி! 1987இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம், 1988இல், ரஷ் லிம்பா என்ற ஒருவர் நாடு முழுவதும் ஒலிபரப்பாகிற நிகழ்ச்சியைத் தொடங்கினார். இளமையில் வானொலியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். தினம் மூன்று மணி நேரம், அவர் ஒருவரே பேசினார். 2021 பிப்ரவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய முப்பத்திரண்டு வருடம்! 2008இல் அவருக்குப் போட்ட ஒப்பந்தம் எட்டு வருடத்துக்கு 40 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களில் நிறையப் பேர் "டிட்டோ, டிட்டோ" என்பார்கள். நீங்கள் சொன்னதேதான் என்று அர்த்தம். அந்த ரசிகர் கூட்டத்துக்கே டிட்டோ என்பது பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

பெருமக்களே, யோசித்துப் பாருங்கள். இந்த மேடையில் எதிரணி நாற்காலியை எடுத்துவிட்டோம். நடுவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மணியைப் பிடுங்கிவிட்டோம். நான் மட்டும் தினம் மூன்று மணி நேரம், முப்பது வருடம் பேசுகிறேன். நீங்கள் "டிட்டோ" என்கிறீர்கள். நான் முதல்நாள் நம்பாமலே தொடங்கியிருந்தாலும், பத்தாம் வருடம் நம்பாமல் இருப்பேனா? சாயங்காலம் அந்தக் காரி மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகமாட்டேனா? (கைதட்டல்)

எதிரணி ஒரு கேள்வி போட்டது: 40 கோடி டாலர் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை எதற்கு? நல்ல கேள்விதான். 1959இல் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களை அழைத்து, ஒரு மணி நேரம் சலிப்பான வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டையைத் திருப்பு, நூற்கண்டை எடுத்து வை, மறுபடியும் எடுத்து வை. அப்புறம், "வெளியில் காத்திருக்கிற பெண்ணிடம் இது ரொம்ப சுவாரசியமான வேலை என்று சொல்" என்றார்கள். பொய் சொல்லக் கூலி சிலருக்கு 20 டாலர், சிலருக்கு ஒரே ஒரு டாலர். கடைசியில், "உண்மையைச் சொல்லுப்பா, வேலை எப்படி இருந்தது?" என்று கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்கள் சலிப்புத்தான் என்றார்கள். ஒரு டாலர் வாங்கியவர்கள், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்கள்! நிறையக் காசு வாங்கியவனுக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்று தெரியும். ஒரு டாலர் வாங்கியவனுக்கு அந்தச் சமாதானம் இல்லை. அதனால் மனம் வாய்க்கு ஏற்றபடி வளைந்துகொண்டது.

சரி, கோடி வாங்குகிறவரை எதிரணியே எடுத்துக்கொள்ளட்டும். அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தெருமுனைக் கூட்டத்துக்கு ஒரு கட்சிப் பேச்சாளர் வருவார். கடைசி பஸ்ஸில் வருவார். பேசி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகும். டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் போவார். கையில் கொடுப்பது வழிச்செலவு, வயிற்றுக்கு இரண்டு புரோட்டா. அவர் நடித்தார் என்றா சொல்கிறீர்கள்? நடிக்கிறவன் கொசுக்கடியில் படுப்பானா? ஒரு டாலர்காரர்கள்தான் ஐயா இந்த உலகத்தில் அதிகம்.

அடுத்து அலெக்ஸ் ஜோன்ஸ். சகோதரி பிரம்மாஸ்திரமாக விட்டது இந்தப் பெயரைத்தான். அமெரிக்காவில் 2012இல் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அது நடக்கவே இல்லை, எல்லாம் நாடகம் என்று ஒலிவாங்கி முன்னால் பேசியவர் இந்த ஜோன்ஸ். 2017இல் அவருடைய விவாகரத்து, குழந்தைகள் வழக்கில் அவர் வக்கீலே, "இவர் ஒரு கலைஞர், ஒரு பாத்திரத்தை நடிக்கிறார்" என்று வாதாடினார். எதிரணிக்குக் கைதட்டல் வந்தது, நானும் தட்டினேன். ஆனால் அதற்கடுத்ததைச் சகோதரி சொல்லவில்லை. தான் பேசுவதைத் தான் நம்புவதாக ஜோன்ஸ் மறுத்துச் சொன்னார். 2019இல் வெளிவந்த வாக்குமூலத்தில், எல்லாமே ஜோடனை என்று தோன்றுகிற ஒருவகை மனக்கோளாறு மாதிரி தனக்கு இருந்தது என்றார். 2022இல் நீதிமன்றத்தில், நடந்தது முழு உண்மை என்று ஒப்புக்கொண்டார். அந்த வருடம் ஒரு ஜூரி விதித்த இழப்பீடு மட்டும் 96.5 கோடி டாலர்.

அந்தப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். புதைத்துவிட்டு வந்த குழந்தை பிறக்கவே இல்லை என்று ஊரான் வந்து மிரட்டுகிறான். "பேசினவர் நடிச்சாருங்க அம்மா" என்று சொன்னால் அந்தத் தாய்க்கு ஆறுமா? "இல்லைங்க, மனசார நம்பினாருங்க" என்றால்தான் ஆறுமா?

ஃபாக்ஸ் நியூஸ் விஷயத்தில் நான் முரண்டு பிடிக்கப் போவதில்லை. 2020 தேர்தலில் வாக்கு எந்திரத்தில் மோசடி என்று அந்த நிலையத்தில் பேச்சு நடந்தது. டொமினியன் என்ற எந்திர நிறுவனம் வழக்குப் போட்டது. அப்போதுதான் அங்கிருந்தவர்களின் தனிப்பட்ட செய்திகள் வெளியில் வந்தன. அந்த மோசடிக் கதையை உள்ளுக்குள் அவர்கள் கேலி செய்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அங்கே எதிரணி சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன். என் அணித்தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். ஆனால் அந்தச் செய்திகளில் இன்னொன்றும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பார்க்கிறவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். அப்படியானால் அங்கே கயிறு யார் கையில்? மாடு யார்? மேய்க்கிறவர் யார்? "டிட்டோ" சொல்கிற நமக்கும் அதில் பங்கு இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். (சிரிப்பு)

எதிரணி என்ற ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம கவியரசர் கண்ணதாசன் சாட்சி. திராவிட இயக்க மேடையில் கம்பனைக் கண்டித்து முழங்கிய காலம். கண்டிக்க வேண்டும் என்றால் படிக்க வேண்டுமே என்று கம்பனை எடுத்தார். படித்தார். விழுந்தார்! அவரே எழுதிவைத்திருக்கிறார். எதிரியின் பக்கத்தை ஒழுங்காகப் புரட்டியவனுக்கு அந்த ஆபத்து உண்டு. புரட்டாமல் முழங்குகிறவனுக்குத் தன் முழக்கமே வேதம்.

நம்ம வள்ளுவர் வாய்மை என்று ஒரு அதிகாரம் வைத்தார். வகுப்பில் எல்லா ஆசிரியரும் சொல்வோம்: உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, மெய்யில் இருப்பது மெய்மை. முப்பது வருடமாக நானும் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தின் வரிசையைப் பாருங்கள். நெஞ்சு அறிந்து பொய் சொல்லாதே என்பது மூன்றாவது குறளில்தான் வருகிறது. முதல் குறளில் அவர் கேட்பது, அந்தச் சொல்லால் யாருக்காவது தீங்கு வந்ததா என்று. பேசினவன் நம்பினானா என்பது அவருக்கு அப்புறம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2012 தீபாவளிக்கு ஒரு பட்டிமன்றம். பெண்ணுக்குச் சீர் போதுமா, சொத்திலும் பங்கு வேண்டுமா என்று தலைப்பு. எனக்கு வந்த அணி, சீர் போதும். அன்றைக்கு நான் போட்ட ஒரு வரிக்கு மண்டபம் அதிர்ந்தது. "தோப்பைப் பிரிச்சா நடுவுல வேலி வரும். வேலி வந்தா அண்ணன் தங்கச்சி போக்குவரத்து நின்னு போகும்" என்றேன். தீர்ப்பு எங்களுக்கு எதிராகத்தான் வந்தது. ஆனால் அந்த வரி ஓடியது. கோயில் விழா, கல்லூரி விழா என்று அடுத்த மூன்று மாதத்தில் ஐந்தாறு மேடையில் அதையே கேட்டார்கள், அதையே சொன்னேன். அங்கெல்லாம் தனிப்பேச்சு. எதிரணி கிடையாது.

தை மாதம் என் தங்கச்சி வந்தாள். அப்பா விட்டுப்போன மூணு ஏக்கர் தோப்பு. "அண்ணா, அதைப் பத்திப் பேசிக்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பெருமக்களே, என் வாயிலிருந்து அந்த வேலி வந்தது! அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தது. நான் அதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு அது என் கருத்தாகவே இருந்தது. அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டிவியிலயும் பாத்தேன். நல்லாப் பேசுனீங்க அண்ணா. இங்க நடுவர் யாருங்ணா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்றரை ஏக்கர் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். அதற்கும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அறுபத்தைந்து வயது இருக்கும், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களே டிவில பேசுனவரு? அந்த வேலி?" என்றார். எனக்குப் பெருமை. "ஆமாங்க" என்றேன். "நீங்க சொன்னதைக் கேட்டுத்தானுங்க எங்க புள்ளைகிட்ட விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்குனேன். பாரியூர்ல கட்டிக் கொடுத்திருக்குதுங்க. சீரு குறை வெக்கலைங்க" என்றார்.

நான் மெதுவாக, "அது எனக்குக் கொடுத்த அணிங்க. எதிர்ப்பக்கமும் பேசினாங்களே, தீர்ப்பு வேற மாதிரி சொன்னாங்களே?" என்றேன்.

"நீங்க பேசி முடிச்சதும் கரண்டு போயிருச்சுங்க."

2012 உங்களுக்கு நினைவிருக்கும். கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடம். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு என் பாதியோடு திரை இருண்டதோ!

"அப்ப, நீங்க சொன்னது பொய்யுங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விதை நெல்லைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். அணி கொடுத்த அன்றைக்கு அதை நான் நம்பவில்லை. என் தங்கச்சியிடம் சொன்ன அன்றைக்கு நம்பினேன். பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு நம்பவில்லை. இதில் எதை அவரிடம் சொல்லுவேன்? "புள்ளை வந்து போகுதுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேலியெல்லாம் போடலைங்க. ஆனா, கையெழுத்துப் போட்டுட்டுத் தண்ணிகூடக் குடிக்காம போச்சுங்க. அதுக்கப்புறம் வரலைங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எதிர்த்துப் பேசுனவங்க என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு எதிரணி பேசியதை ஒன்றுவிடாமல் அந்த ஒரு மனிதருக்கு நான் பேசினேன். 1989லேயே தமிழ்நாட்டில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்ததைச் சொன்னேன். 2005இல் நாடு முழுவதும் வந்ததைச் சொன்னேன். சீர் என்பது ஊர் பார்க்கக் கொடுப்பது, பங்கு என்பது அவள் நிற்கக் கொடுப்பது என்று எதிரணி அம்மையார் ஒருவர் சொல்லியிருந்தார், அதையும் சொன்னேன். கைதட்ட ஆளில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதையும் அன்னிக்கே கேட்டிருப்பனுங்க" என்றார். "கரண்டு இருந்திருந்தா."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பாரியூருக்குப் போனாரா, வீட்டுக்குத்தான் போனாரா, எனக்குத் தெரியாது.

மணி அடித்துவிட்டீர்கள். சகோதரி எனக்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் தயவுசெய்து அதையும் கேட்டுவிட்டுப் பெட்டியை அணையுங்கள். (கைதட்டல்)